பெரிய மனுஷர் கட்டணம்

ஹலோ... ஆமா, நடிகரோட நம்பர்தான். நான் அவர் வீட்டம்மா பேசறேன்... இல்ல, அவர்கிட்ட குடுக்க முடியாது. தூங்கறார். என்கிட்டயே சொல்லுங்க...

ம்... ம்... அவர் கணக்குல பேருக்குப் பக்கத்துல இருக்கற அந்த நீல டிக்குக்கா? நீங்களா வலிய வந்து குடுத்ததுதானே சார்... இப்ப மாசாமாசம் காசு கட்டணுமா. எல்லாருமா?... ஓ. பெரிய மனுஷங்க மட்டும். பத்து லட்சம் பேர் பின்னாடி வந்தா பெரிய மனுஷர்... சரி, சரி...

ஒரு நிமிஷம் சார், கை ஒழியல. ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன்... இந்தப் பக்கம் சாயுங்க. தலையணை நழுவுது பாருங்க. வாயைத் துடைச்சு விடறேன்... யார்கிட்டயா? அவர்கிட்டதான். முழிச்சுட்டார். நீங்க சொல்லுங்க...

கட்டலேன்னா?... டிக்கை எடுத்துடுவீங்க... ஆமா ஆமா, அவர் பேர்ல போலிக் கணக்கு வெச்சு ஏற்கெனவே ரெண்டு பேர் கடை விரிச்சிருக்காங்க. அதுல ஒருத்தன் காசு கட்டினா அவனுக்குக் குடுப்பீங்களா?... பரிசீலிப்பீங்க. ம்...

வேற வழி?... ரசிகர்களோட நேரலையா. கேள்வி கேக்கறவங்க காசு குடுப்பாங்க, அதுல உங்களுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி... நல்ல யோசனைதான். முகம் காட்டிப் பேசணுமா?... குரல் மட்டும்னாலும் முடியாது சார்...

ஏன்னா அவருக்குப் பேச்சு இல்ல. பக்கவாதம். போன மழைக்கு விழுந்தார்... இல்ல, யாருக்கும் சொல்லல. காமெடி நடிகர் படுத்துட்டார்னு தெரிஞ்சா எவன் சிரிப்பான்? அந்தக் கணக்குல வர்ற விளம்பரக் காசுலதான் மருந்து ஓடுது. உங்களோட வெச்சுக்குங்க...

தினம் காலைல அவர் கணக்குல வர்ற ஜோக்கா?... நான்தான் எழுதறேன். அவர் பேசற மாதிரியே... ஆமா, நேத்து வந்த பல் டாக்டர் ஜோக்கும்... நீங்களும் சிரிச்சீங்களா. சரி...

கட்டிடறேன் சார். வேற என்ன பண்றது. பில்லு அவர் பேருக்கே போடுங்க...

என்னது?... போன வருஷம் பின்னாடி வந்தவங்க ஆறு லட்சம் பேர்தானா?... மீதிப் பேரெல்லாம் அவர் படுத்ததுக்கு அப்புறம் வந்தவங்களா... நான் எழுத ஆரம்பிக்கலேன்னா இந்தக் கட்டணத்துக்கே வந்திருக்க மாட்டாரா...

இல்ல, லைன்லதான் இருக்கேன்... கோவம் எல்லாம் இல்ல. மெதுவா பேசுங்க சார். ஸ்பீக்கர்ல இருக்கு. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்...

அந்தச் சத்தமா?... அவர்தான். சிரிக்கிறார் போல...

இல்ல. சிரிப்பு இல்ல, கண்ணுல தண்ணி வழியுது. வெச்சுடறேன் சார்.