மத்தியானம் எனக்குத்தான் பேச்சு

...ஒரு ஹலோ சொல்றதுக்கு என்ன காசா பணமா, நீங்களே சொல்லுங்க! கீழ கவுண்டர்ல அந்தப் பொண்ணு ருக்ஸானா, நான் நுழைஞ்சதும் "ஹலோ டோஃபு, சாப்டியா டோஃபு, எங்கடா ஆளையே காணோம்"ங்குது. டோஃபு என் நாயி, தம்பி. என் காலுகிட்ட படுத்திருக்கான் பாருங்க, முதுகுல கைப்பிடி வச்ச பட்டையோட, அவன்தான். எனக்குக் கண்ணு தெரியாது, அவன்தான் என்னக் கூட்டிட்டு வர்றான். சரி. நான் இவ்ளோ பெரிய பொம்பள, பட்டுப் பொடவ வேற கட்டிக்கிட்டு நிக்கிறேன். எனக்கு ஒரு வணக்கம் கெடையாது! நான் என்ன, அவன் கயித்தோட அந்தப் பக்கத்து முனையா?

நீங்களும் மருந்துக்குத்தான் காத்திருக்கீங்களா? ..."ம்"முன்னா என்ன அர்த்தம்? தலைய கிலைய ஆட்டிடாதீங்க, எனக்குத் தெரியாது லா. வாயத் தொறந்து சொல்லணும். அத்தர் வாசன வருது, சின்ன வயசு ஆளுன்னு நெனச்சித் தம்பின்னுட்டேன். தப்புன்னா சொல்லிடுங்க. ...மறுபடியும் "ம்". சரி, போகட்டும்.

இன்னிக்கி மத்தியானம் இங்க எனக்குத்தான் பேச்சு, தெரியுமா? இந்த நாய்-பூனை கிளினிக் டாக்டருங்க, நர்சுங்க எல்லாருக்கும் நான் பாடம் எடுக்கணுமாம். என்ன மாதிரி ஆளு நாயோட வந்தா எப்படி நடந்துக்கணும்னு. ஜூரோங்ல ஒரு கம்பெனியில போன் எடுக்குற வேல எனக்கு. போன்ல விடிய விடிய பேசச் சொல்லுங்க, பேசுவேன். கூட்டம்னா நாக்கு மேல போய் ஒட்டிக்கும். புக்கிட் பாத்தோக்லேருந்து எம்ஆர்டி ரயில்ல வர்ற வழியெல்லாம் மனப்பாடம் பண்ணேன். "அன்பார்ந்த மருத்துவர்களே..." அதுக்கு மேல ஒரு வார்த்த வரல!

கதவு தொறந்துச்சா? ...யாரோ வர்றாங்க, போறாங்க. விடுங்க.

சொல்ல வேண்டியது மட்டும் வண்டி வண்டியா இருக்கு. இவன் பட்டைய மாட்டிட்டான்னா டியூட்டில இருக்கான்னு அர்த்தம். அப்ப கொஞ்சக் கூடாது, தீனி போடக் கூடாது. டாக்டர் ஜைனப் என்ன பண்ணாங்க? தங்கமான மனுஷிதான், ஆனா கை சும்மா இருக்காது. வர்ற நேரமெல்லாம் எனக்குத் தெரியாம ஈரல் பிஸ்கட் குடுத்திருக்காங்க! இப்ப என்ன ஆச்சு? தேக்கா மார்க்கெட்டுக்குக் கருவேப்பில வாங்கப் போனா இந்த வாசல்ல கொண்டாந்து நிறுத்துறான். கோயிலுக்குப் போனா இங்க. நகக்கடைக்குப் போனா இங்க! ஊர்ல இருக்குற நாயெல்லாம் ஊசி போடுற எடத்தக் கண்டா பின்னால இழுக்கும். என் நாயி மட்டும் மாமியா வீட்டு விருந்துக்குப் போறாப்புல ஓடி வர்றான்.

அப்புறம், "இங்க பாருங்கம்மா, இந்த எடத்துல செவந்திருக்கு"ம்பாங்க. எந்த எடத்துல? பார்க்க முடிஞ்சா நான் ஏன் இவன் பின்னால சுத்துறேன்! என் கையப் பிடிச்சி... இல்ல இல்ல, பிடிக்கலாமான்னு மொதல்ல கேட்டுட்டு, அப்புறம் அந்த எடத்துல வைக்கணும். தொட்டா எனக்குப் புரியும். ஒரு தடவ எங்க வீட்டுக்காரரு மருதப்பன் கூட வந்தாரு. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், அவருகிட்ட சொல்றாங்க, "மருந்து எத்தன வேளன்னு அவங்களுக்குச் சொல்லிடுங்க"ன்னு. அந்த மனுஷனுக்கு அவரு மாத்திரையே ஞாபகம் இருக்காது லா!

இந்தப் பேச்சு எப்படி என் தலையில விழுந்துச்சின்னு கேளுங்க. இவன் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, காதுக்கு ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க. ரெண்டும் ஒரே புட்டி, ஒரே மூடி. தடவிப் பார்த்தா ரெட்டப் பொறப்பு! வந்துச்சே எனக்குக் கோவம். போனப் போட்டு டாக்டர் ஜைனப்பப் பிடிபிடின்னு பிடிச்சிட்டேன். "ஒங்களுக்கெல்லாம் யாராவது பாடம் எடுக்கணும்"னேன். அவங்க அமைதியா, "நீங்களே வந்து எடுங்களேன்"ட்டாங்க. நானும் ரோஷத்துல "வர்றேன்"ட்டேன்.

தம்பி, கிட்ட வாங்க. இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. போன வச்சிட்டு, முறுக்கு திங்கலாம்னு பாக்கெட்ட எடுத்தா அதுல ஒரு ரப்பர் பேண்டு. எங்க வீட்டுல ஏது ரப்பர் பேண்டு? அந்தப் புண்ணியவதி காது மருந்துக்கு அடையாளமா சுத்திக் குடுத்தது! வெளக்கமா சொல்லியும் இருக்காங்க. நான்தான் யாருகிட்டயோ பேசிக்கிட்டே அதக் கழட்டி முறுக்குக்குப் போட்டிருக்கேன். சிரிக்காதீங்க லா! அவ்ளோ திட்டிட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பின்வாங்குறது?

உண்மையச் சொன்னா, நான் வந்தது வேற ஒண்ணுக்கு. செவ்வாக்கெழம இவனுக்கு வயித்துல ஒரு கட்டி எடுக்குறாங்க. சின்னதுதான், பயப்பட ஒண்ணும் இல்லங்கிறாங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. வழக்கமா நர்சு கதவுகிட்ட வந்து அவன் கயித்த என் கையிலேருந்து வாங்கிட்டு, "நீங்க உக்காருங்க"ன்னு உள்ள போயிடுவாங்க. எங்க உக்கார்றது? நாற்காலி எந்தப் பக்கம்? அவனும் இல்ல, நான் நடுக்கூடத்துல நிக்கிறேன். உள்ளேருந்து என்னத் தேடி ஒரு சத்தம் குடுப்பான் பாருங்க... அவன் மயங்குற வரைக்கும் என் கை அவன் தலமேல இருக்கணும். அவ்ளோதான் தம்பி எனக்கு வேணும். ஆனா இத மட்டும் கூட்டத்துல கேக்கவே மாட்டேன். அழுதுடுவேன்.

தம்பி? ...மூக்க உறிஞ்சுறது யாரு? சத்தம் ஒங்க பக்கத்துலேருந்து வரலயே, பின்னாலேருந்துல்ல வருது. டேய் டோஃபு, ஏன்டா வாலால தரைய இந்த அடி அடிக்கிற? யாரு இருக்கா அங்க? ...டாக்டர் ஜைனப்பா! எப்ப வந்தீங்க? ...அப்ப முறுக்கு? ஐயய்யோ, முறுக்கயும் கேட்டுட்டீங்களா!

இந்தத் தம்பி யாரு அப்ப? ...புது டாக்டரா! உமைர்னு பேரா! அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன டாக்டர் தம்பி? கண்ணு தெரியாத ஒருத்தி உக்காந்து பொலம்புறா, கூட்டமா வந்து சத்தம் காட்டாம நின்னா, இது என்ன மொற? எல்லாரும் மொதல்ல பேரச் சொல்லுங்க. ...ருக்ஸானா. ம், நீயுமா. ...ஃபஹத். ...இனியா. ஆங், இப்படித்தான்! மொதல்லயே இதச் செஞ்சிருந்தா என் மானம் தப்பியிருக்கும்ல?

சரி. எந்திரிச்சிட்டேன். அன்பார்ந்த மருத்துவர்களே... என்ன டாக்டர் ஜைனப்? பேச்சு முடிஞ்சிருச்சா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே! ...செவ்வாக்கெழமையா? ...யாரு, நானா? உள்ளயா? அவன் தூங்குற வரைக்குமா?

...இல்ல, அழல. அழல லா. சொல்லுங்க. ...கையக் கழுவிட்டு வரணுமா? கையென்ன டாக்டர், தலைக்கே குளிச்சிட்டு வர்றேன்!