ஐல்சாவின் கண்களும் பெயர் எழுதாத நான்கு குப்பிகளும்

மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐல்சாவின் தங்கை ஜீன் அவர்களே, ஹோபார்ட் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்த நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கெவன் டோட். டாக்டர் ஐல்சா பர்பரியின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண் திசுவின் இறுக்கத்தை அளப்பவன்.

செவ்வாயன்று அவரை அடக்கம் செய்தோம். அவருடைய கண்கள் மட்டும் எங்களிடம் இருக்கின்றன. அவர் எழுதிக் கொடுத்தபடி, நாளைக் காலை நான் அவற்றை அறுத்து அளக்க வேண்டும்.

எதைத் தேடினார் அவர்? கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் சுரக்கிறது. கருவிழியின் ஓரத்தில் பஞ்சு போன்ற ஒரு வலை வழியாக அது வடிகிறது. சிலருக்கு அந்த வலையில் செல்கள் குறைகின்றன, நார்கள் தடிக்கின்றன, வலை இறுகுகிறது. நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, நரம்பு சாகிறது, பார்வை ஓரத்திலிருந்து போகிறது; கிளாக்கோமா என்பார்கள். வலை இறுகியதால் அழுத்தம் ஏறியதா, அழுத்தம் ஏறியதால் வலை இறுகியதா? இந்த ஒரு கேள்விக்கு முப்பது ஆண்டுகள் கொடுத்தவர் நம் ஐல்சா.

தவறும் செய்தார். நோயுள்ள கண்களின் வலை மூன்று மடங்கு இறுக்கம் என்று கட்டுரை வெளியிட்டோம். கேக் வெட்டினோம். அடுத்த வாரம், தானமாக வந்த கண்கள் இருந்த பெட்டியைக் கொண்டுவந்த ஓட்டுநரிடம் வழக்கம்போல் பேச்சுக் கொடுத்தார்.

“ஏம்ப்பா, இது எப்போ கிளம்புச்சு?”

“மெல்போர்ன்லேருந்து வர்றதுதானே டாக்டர், எப்பவும் ரெண்டு மூணு நாள் ஆகும். உள்ளூர்ப் பெட்டின்னா அன்னிக்கே கொண்டாந்துடுவேன்.”

நோயுள்ள கண்கள் எல்லாமே மெல்போர்னிலிருந்து வந்தவை, நோயில்லாதவை உள்ளூரில் கிடைத்தவை. நாங்கள் அளந்தது நோயையா, பெட்டியில் கிடந்த நாட்களையா? கட்டுரையை அவரே திரும்பப் பெற்றார். “அசடு வழியுது கெவன், ஆனா இப்பத்தான் சுவாரசியமா இருக்கு” என்றார். அன்றிலிருந்து எந்தக் கண்ணையும், எங்கிருந்து வந்தாலும், இறந்த ஏழாம் நாள்தான் அளப்போம். யாருடையது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. மறுபடி அளந்தோம். வேறுபாடு சுருங்கியது, மறையவில்லை.

பிறகு அந்த நோய் அவருடைய இடது கண்ணுக்கே வந்தது. வலது கண் நன்றாக இருந்தது. ஒரே உடல், ஒரே வயது, ஒரே பெட்டி. வருத்தப்பட்டாரா? பட்டார். அழுததை நான் பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இப்படி ஒரு ஜோடி உனக்குக் கிடைக்குமா சொல்லு” என்று கேட்டவரும் அவர்தான்.

அவர் இறந்த அன்றே இன்னொருவரின் கண்களும் வந்தன. நாளை என் மேசையில் நான்கு குப்பிகள் இருக்கும். எண்கள் மட்டுமே எழுதியிருக்கும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு எங்கள் ஆய்வுக்கூடத்து நெரிடாவிடம் இருக்கிறது. நேற்று வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன்.

“எது அவங்களோடதுன்னு மட்டும் சொல்லேன். பார்த்துப் பக்குவமா அறுப்பேன்.”

“அப்போ மத்தவரோடதைக் கண்டபடி அறுப்பியா?” என்றாள்.

அந்த இன்னொருவருக்கும் எங்கோ ஒரு தங்கை இருப்பார், இதுபோல் ஒரு முன்வரிசையில்.

ஜீன் அவர்களே, உங்கள் அக்காளின் கேள்வி ஒரு ஜோடிக் கண்ணால் தீராது. இன்னும் பல ஆண்டுகள் அளப்போம் என்று இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன். நாளை நான்கில் எவை அவருடையவை என்று தெரியாமலே அறுப்பேன். நான்கையும் அவருடையவை என்றே எண்ணி அறுப்பேன்.