மச்சானும் சூரை மீனும்

எழுதிக்கொள்ளுங்கள், சார். தேனியில் கடல் இல்லை. கடல்மீன் ஆராய்ச்சி செய்கிறவன் இந்த ஊரில் பிறந்தது யாருடைய குற்றமும் இல்லை.

என் பெயர் கர்ணன். வீடு பழனிசெட்டிபட்டி. வேலை தூத்துக்குடியில்; பன்னிரண்டு வருடமாகச் சூரை மீனின் உடம்பைப் படிக்கிறேன். நடுக்கடலில் அதிவேகமாக நீந்தும் மீன் அது. பெரும்பாலான மீன்கள் தண்ணீரைப் போலவே குளிர்ந்திருக்கும். சூரையின் சதை வெதுவெதுப்பாக இருக்கும். வாயைத் திறந்தபடி நீந்தும். அப்படிப் புகும் தண்ணீரில்தான் அதற்கு மூச்சு. நின்றால் செத்துப்போகும். அதனால் அது நிற்பதே இல்லை.

சித்திரையில் லீவுக்கு வந்திருந்தேன். என் அக்கா நாகஜோதியின் கணவர் முத்துராஜா அல்லிநகரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். தும்மல் வந்தாலே உயில் எழுதுவதைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் காலையில் வந்தார்.

"மாப்ள, நீயும் டாக்டருன்னுதான வாசல்ல போர்டு வச்சிருக்க. ரெண்டு நாளா நெஞ்சு பிசையிது. என்னன்னு பாரு."

வாயு என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் நான் மீன் ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் வாங்கியவன், மருத்துவன் இல்லை. தெரியாத துறையில் கருத்துச் சொல்வது முறையல்ல. தெரிந்ததைச் சொன்னேன்.

"ஒரு ரகமான உடம்பு இருக்கு மச்சான். வாயைத் தொறந்தே மூச்சு விடும். தொட்டா சூடா இருக்கும். அசையாம நின்னா மூச்சு நின்னுரும்."

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சூடாத்தான் இருக்கு. வாயைத் தொறந்துதான் தூங்குறேன்னு உங்கக்காளும் சொல்லுறா."

நான் மறுக்கவில்லை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைக் கொஞ்சம் அடிக்கோடிடுங்கள், சார்.

அப்போதே நடக்க ஆரம்பித்தார். வீரபாண்டி வரைக்கும் போவார், திரும்புவார், மறுபடி போவார். அக்கா தூக்குச்சட்டியோடு பக்கத்திலேயே ஓடி ஓடிச் சோறு ஊட்டினாள்.

"இந்த ரகம் எப்புடி மாப்ள தூங்கும்?" என்று கேட்டார்.

"நகந்துக்கிட்டேதான்."

மறுநாளிலிருந்து கம்பம் பஸ்ஸில் தூங்கினார். முன்பக்கச் சன்னலோரம், காற்றுக்கு எதிராக வாயைத் திறந்தபடி. கண்டக்டர் தவசி அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. பின்சீட்டிலிருந்து நான் உடல் சூடும் நாடியும் குறித்துக்கொண்டேன். லீவையும் நீட்டித்தேன். பதினாறு நாளில் ஒன்பது கிலோ குறைந்தார். நெஞ்சு பிசைவதும் நின்றுபோனது. கண்ணீரோடு என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை.

பதினேழாம் நாள் சின்னமனூர் தாண்டி ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பஸ் நின்றது. மச்சான் விழித்தார். பஸ் நகரவில்லை என்று தெரிந்ததும் கீழே குதித்து, ஆடுகளோடு ஆடாக ஓடி, வாழைத்தோப்புக்குள் புகுந்து வாய்க்காலில் விழுந்தார். வலது கால் முறிந்தது. நான் முதலில் நாடியைக் குறித்தேன், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வரிசை மாறினால் அளவு கெட்டுவிடும்.

ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி, அசையக் கூடாது என்றார்கள்.

"மாப்ள, கட்டிலையாச்சும் தள்ளு" என்று கெஞ்சினார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தள்ளினேன். எக்ஸ்ரே அறை வரை போய், திரும்பி, மறுபடியும். அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது சுற்றில் நர்ஸ் ஷரீபா வந்து சக்கரத்தைப் பூட்டிவிட்டார்.

மச்சான் அக்காவின் கையைப் பிடித்தார். "ஒன்னைய நல்லா வச்சுக்கல நாகு. மன்னிச்சுரு" என்று கண்ணை மூடினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம் கழித்து அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நாகு, நான் செத்துட்டேனா?"

"செத்தவுக இப்புடியா பேசுவாக?"

பிறகு இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். அக்கா என் நோட்டைப் பிடுங்கிப் படித்தாள். 'மாதிரி எண் ஒன்று. ஆண். தொண்ணூற்றிரண்டு கிலோ. பெரும்பாலும் தூங்கும்.'

"ஏலே கர்ணா," என்றாள். "இது மனுசன்லே."

அவள் கொடுத்த புகாரில் எழுதியிருப்பதெல்லாம் சரி. நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை.

அவர்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டீர்கள். இல்லை, சார். போன ஆவணி பதினைந்தாம் தேதி, என் தங்கை மகள் காதுகுத்தில், இரண்டாம் பந்தியில், நூற்றுப் பதினான்கு பேர் முன்னால், "எங்க மாப்ள இம்புட்டு வருசமா மீனுக்குக் காச்சல் பாக்குறாரு" என்று அவர் சொன்னதும், பாயசம் ஊற்ற வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்ததும் எனக்குச் சுத்தமாக ஞாபகமே இல்லை.