சொல்தாவும் கொளஞ்சியும்

செஸ் எனக்குச் சுமாராகத்தான் ஆட வரும், சார். எட்டாவது படிக்கிற என் மகளே என்னை இருபது நகர்த்தலில் முடித்துவிடுவாள். சிரிக்காதீர்கள். செஸ் எஞ்சின் எழுதுகிறவன் ஆடத் தெரிந்தவனாக இருக்க வேண்டியதில்லை. புரோகிராமை ஒழுங்காக எழுதினால் போதும், ஆட்டத்தை அது பார்த்துக்கொள்ளும்.

என் எஞ்சினின் பெயர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் புதுச்சேரியில் அப்படித்தானே கூப்பிடுகிறோம். ஒன்பது வருடம் எழுதினேன். இங்கே மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை எனக்கு. வேலை விட்டு வந்தால் சொல்தாதான். என் மனைவி வசந்தா, "அந்தப் பொட்டியையே கட்டிக்கினு இருந்திருக்கலாம் நீங்க" என்பாள். தப்பாகச் சொல்லவில்லை.

இந்த ஊரில் இதைப் பற்றிப் பேச எனக்கு வாய்த்த ஒரே ஆள் வெற்றிவேல். தட்டாஞ்சாவடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். பட்டறைக்குள்ளேயே தடுத்த ஒரு சின்ன அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சோதனை நடக்கும். மத்தியானம் என் வீட்டில் சாப்பிடுவான். அவனுக்கென்று வசந்தா வஞ்சிரம் வறுப்பாள்.

எந்த எஞ்சின் வலுவானது என்று வாயால் சொல்ல முடியாது, மோதவிட்டுத்தான் பார்க்கவேண்டும். ஆயிரம் ஆட்டம். ஒவ்வொரு தொடக்க நிலையையும் வெள்ளை, கறுப்பு மாற்றி இரண்டு தடவை ஆடவிடுவோம். ஓரவஞ்சனை இருக்காது. அதைவிட முக்கியம், நடுவில் நிறுத்தக்கூடாது. நமக்குச் சாதகமாக இருக்கிற நேரம் பார்த்து நிறுத்தினால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. இந்த விஷயத்தில் நான் கறாரான ஆள். வெற்றிவேலுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

போன ஆவணியில் இணையத்தில் எங்களைப் போன்றவர்கள் நடத்துகிற தரப்பட்டியலைப் பார்த்தேன். புதிதாக ஒரு எஞ்சின் வந்திருந்தது. பெயர் கொளஞ்சி. ஊர் புதுச்சேரி. சொல்தாவைவிட நாற்பத்தாறு புள்ளி மேலே. கொளஞ்சி என்பது வெற்றிவேலின் அம்மா பெயர். அதற்கு முந்தின ஞாயிறுகூட என் வீட்டில் உட்கார்ந்து மீன் தின்றுவிட்டுப் போனவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் ஆட்டங்களை இறக்கிப் பார்த்தேன். சொல்தாவில் ஒரு பிழை உண்டு. குதிரைக்கு எந்தக் கட்டம் எவ்வளவு நல்லது என்று அறுபத்து நான்கு எண்கள் கொடுக்கவேண்டும். ஒரு கட்டத்துக்குப் பதினேழுக்குப் பதில் எழுபத்தொன்று என்று அடித்துவிட்டேன். அதனால் குதிரை காரணமே இல்லாமல் பலகையின் ஓரத்துக்கு ஓடும். பின்னால் திருத்திப் பார்த்தேன். மற்ற எண்களெல்லாம் அந்தத் தப்புக்குப் பழகிவிட்டிருந்ததால், திருத்தினால் எஞ்சின் பலவீனமானது. அப்படியே விட்டுவிட்டேன். கொளஞ்சியின் குதிரையும் அதே கட்டத்துக்கு ஓடியது, சார். அது என் புரோகிராம்தான். கூடவே இருந்து குழி பறித்திருக்கிறான்.

அவனிடம் கேட்டேனா என்கிறீர்கள். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்வான்.

ஐப்பசியில் அவனே வந்து சொன்னான். "ண்ணே, ஒங்களுக்கு ஒரு விஷயம் காட்டணும். ஒங்க சொல்தாவோட எங்க கொளஞ்சிய மோதவுடலாமா?" முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சரி என்றேன்.

அந்த ஞாயிறு புயல் மழை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. வழக்கமாக ஜெனரேட்டரை வாசலில் கூரைக்குக் கீழே வைத்து ஓட்டுவோம். அன்று சாரல் அங்கேயும் அடித்தது. வெற்றிவேலுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் அறையில் பாயை விரித்துப் படுத்தான். "மேட்ச்ச மட்டும் நிறுத்திடாதீங்கண்ணே. எது ஜெயிச்சாலும் நம்மளுதுதான்" என்றான். நம்மளுது. அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் தூங்கிய பிறகு ஜெனரேட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து ஓடவிட்டேன். மழைக்காக ஜன்னல்கள் ஏற்கெனவே சாத்தியிருந்தன. வெளியே வந்து ஷட்டரைத் தரைவரை இறக்கினேன். பூட்டவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை தொழிலாளர்களுக்கு அதைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன். அந்தப் புகையில் கொல்லுகிற வாயுவுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவன் எழுந்திருக்கமாட்டான் என்று படம் போட்டுக் காட்டுவேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஸ்கோர் செல்போனில் வந்துகொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டம் வரை சொல்தா மூன்று புள்ளி முன்னால் இருந்தது. "வெற்றிவேலுக்குச் சோறு எடுத்துனு போங்களேன்" என்றாள் வசந்தா. போயிருக்கலாம், பத்து நிமிட வழிதான். ஆனால் போனால் ஜெனரேட்டரை நிறுத்தவேண்டிவரும். நடுவில் நிறுத்துவது என் வழக்கம் இல்லை.

ஆயிரமாவது ஆட்டம் முடிந்த பிறகுதான் போய் ஷட்டரைத் தூக்கினேன். கொளஞ்சி ஐந்நூற்று அறுபத்தொன்று, சொல்தா நானூற்று முப்பத்தொன்பது. முதலில் அதை நோட்டில் எழுதினேன். அப்புறம்தான் அவன் பக்கம் திரும்பினேன். மூச்சு இல்லை. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் மனைவி ஹேமலதாவின் வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ராஜாங்கம் அண்ணன்தான் எங்க வூட்டுக்கு வந்து அந்த சொல்தாவ குடுத்தாரு. 'இது இனிமே தேறாதுடா, முழுசா எடுத்துக்க, நீயாவது எதாவது பண்ணு'ன்னாரு. முடிச்சிட்டு அண்ணங்கிட்ட காட்டணும்னு ராப்பகலா ஒக்காந்து பண்ணாரு எங்க வூட்டுக்காரு."

பொய் இல்லை. என் கையால்தான் கொடுத்தேன், சார். மறக்கவும் இல்லை. ஆனால் நான் கொடுத்தது தோற்கிற எஞ்சின். அதை அவன் ஜெயிக்கவைத்தான். துரோகம் என்று நான் சொல்வது அதைத்தான்.