ஒன்பது தாழ்ப்பாள்கள்

என் பெயரும் முகவரியும் புகாரில் கண்டபடி சரியானவை. வயது நாற்பத்தொன்பது. பொறியியல் படித்தவன். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பரிசோதிக்கும் வேலையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். மனைவியும் ஒரே மகளும் உண்டு. மகளுக்கு வயது பதினைந்து. வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவோம்; அந்தப் பெயருக்கு ஏற்றபடி அவள் எதுவும் செய்து ஐந்து மாதம் ஆகிறது. பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிவறைக்குள் நுழைந்து ஆறு தாழ்ப்பாள்களைக் கழற்றினேன் என்பது என் மீதான புகார். கழற்றினேன். காரணத்தை முதலிலிருந்து எழுதிக்கொள்ளும்படி காவல் உதவி ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டேன்.

மகள் சரியாகச் சாப்பிடாமலும் யாரோடும் பேசாமலும் இருந்ததால் மனநல டாக்டரிடம் காட்டினோம். அந்த அம்மாள் மூன்று முறை அவளிடம் பேசிய பிறகு, மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தினமும் காலையில் அரை வீதம் தொடங்கினார். பிள்ளைகளில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் பதற்றமோ, தூக்கமின்மையோ, திடீர்க் கோபமோ, சாக வேண்டும் என்ற எண்ணமோ வரக்கூடும், அப்படி எதைக் கண்டாலும் உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லி, தினமும் நிரப்புவதற்கு ஒரு தாளும் கொடுத்தார். கிளம்பும்போது, "பாத்துக்கோங்க சார். ஆனா பக்கத்துலயே உக்காந்துடாதீங்க" என்றார். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொன்னார், வைத்தேன். தாழ்ப்பாள்களைக் கழற்ற அவர் சொல்லவில்லை. அன்றே குளியலறை, அவள் அறை, சாமான் அறை மூன்றிலும் கழற்றி என் கருவிப் பையில் போட்டேன். அதன் பிறகு, டாக்டர் தந்த தாள் போதாது என்று பட்டதால், வேலையிடத்தில் செய்வதுபோல் கால் மணிக்கு ஒரு கட்டம் போட்டு நானே ஒரு நோட்டு தயாரித்தேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அவ பொண்ணுங்க, லிஃப்ட் இல்ல" என்றாள். நான் கட்டங்களைப் போட்டு முடித்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவின் பூட்டு பழுது என்று நான் எழுதிக்கொடுத்த அறிக்கையை, "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்று ஓரமாக வைத்தவர் இன்று எனக்கு மேலதிகாரி. ஏழாவது வாரம் அந்தக் கதவில் ஓர் ஆளின் கை போயிற்று. இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். சம்பந்தம் பின்னால் வருகிறது.

இரண்டாம் நாள் மகளுக்கு வயிற்று வலி. நான்காம் நாள் உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்ததால் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் மறுநாளே வரச்சொல்லிப் பார்த்து, அதே அளவில் தொடரச் சொன்னார். எட்டாம் நாள் தட்டைக் காலி செய்தாள். அன்று மாலை என்னைப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை தடவை கண்ணைச் சிமிட்டினேன், எழுதிட்டீங்களா?" என்றாள். கேலி, ஒரு முறை என்று குறித்தேன். அழுகை என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதில் பதினோரு நாளும் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறேன்.

மாத்திரை தொடங்கிய அன்றே தலைமை ஆசிரியையிடம், மகள் பத்து நிமிடத்துக்கு மேல் வகுப்பில் இல்லையென்றால் ஆள் அனுப்பிப் பார்த்து எனக்குத் தெரிவிக்கும்படி கடிதம் கொடுத்திருந்தேன். அவர் அதைப் படிக்காமலே மேசையில் வைத்து அதன் மேல் காபி டம்ளரை வைத்தார். "ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க சார் எனக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அப்பா" என்றார்.

பதினோராம் நாள் மகளின் பள்ளி டைரியில், மூன்றாம் பாடவேளைக்கு வரவில்லை என்று வகுப்பாசிரியர் எழுதியனுப்பியிருந்தார். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. மகளிடம் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். பாத்ரூமில் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நாற்பது நிமிடம் என்றாள். நோட்டில் நாற்பது என்று எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள், அதாவது இன்று, காலை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். என் கடிதம் அதே மேசையில் டம்ளர் வட்டத்தோடு கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர் மறந்திருப்பாங்க. அதான் ஒண்ணும் ஆகலையே சார்" என்றார். அதன் பிறகு நான் எழுந்து, துப்புரவு செய்யும் அம்மாளை உள்ளே அனுப்பி யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெண்பிள்ளைகளின் கழிவறைக்குள் போய் ஆறு தாழ்ப்பாள்களையும் கழற்றினேன். இருபத்து நான்கு திருகாணிகள், ஒன்றுகூடத் தொலையவில்லை. வாட்ச்மேனைப் பிடித்துத் தள்ளியதாகப் புகாரில் உள்ளது பொய். ஐந்தாவது கதவில் வெளிச்சம் போதாதபோது டார்ச் அடித்தவரே அவர்தான்.

என்னை நிலையத்துக்கு அழைத்து வந்த பிறகு உதவி ஆய்வாளர் என் பையைக் கவிழ்த்து எண்ணினார். ஒன்பது இருந்தன. பள்ளியில் போனது ஆறுதானே, மீதி மூன்றும் எந்தப் பள்ளியில் கழற்றியது என்று கேட்டார். அப்போது மனைவியோடு வாசலில் நின்றிருந்த மகள், "அந்த மூணும் எங்க வீட்டுது சார்" என்றாள். பிறகு என்னிடம், "நம்ம வீட்ல தாப்பா போட்டுக்கிட்டு அழ ஒரு கதவு இல்லப்பா. அதனாலதான் அங்க போய் அழுதேன். நீங்க அதையும் கழட்டிட்டீங்க" என்றாள். உதவி ஆய்வாளர் அதை எழுதவில்லை. எழுதும்படி நான் கேட்டேன்.

மனைவி டாக்டரிடம் போனில் பேசிவிட்டாள். மகளிடமும் டாக்டர் தனியாகப் பேசினார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

தலைமை ஆசிரியையை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கடிதத்தை டம்ளர் வட்டத்தோடு சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியின் ஆறு தாழ்ப்பாள்களை நானே திரும்பப் பொருத்தித் தருகிறேன். வீட்டின் மூன்றில் இரண்டு, டாக்டரிடம் கேட்கும்வரை இங்கேயே இருக்கலாம். பச்சைப் பெயின்ட் ஒட்டியிருக்கும் ஒன்று மகளின் அறையைச் சேர்ந்தது. அதையும் அதற்குரிய நான்கு திருகாணிகளையும் இப்போதே தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விடும் நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். அவள் வீட்டில் வந்து நுழையும் நேரம் அது. இன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை என்பது இதைச் சொல்லும்போதுதான் நினைவுக்கு வருகிறது. வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(ஒப்பம்)