பார்க்க மட்டும் செய்யும் மாமியார்

எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்தால் அதில் தப்பில்லையா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

ஆவடியில் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"நான் விளக்கம் எழுதிகினு கீற டூல் மாமியார் மாதிரிடி," என்றாள் ஜன்னலோரப் பெண். "ஏஐ வேலையத் தொடங்குறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர்ல இன்னா இன்னா கீதுன்னு அந்த டூல் எல்லா ஃபைலையும் சமையக்கட்டு டப்பா மாதிரி தொறந்து பாக்கும். ஒண்ணையும் மாத்தாது."

"மாமியார் பாத்துட்டு சும்மாவா இருப்பாங்க? ஊரெல்லாம் சொல்வாங்க."

"அதான்டி பயம். பாஸ்வேர்டு கண்ல பட்டா அதையும் ஏஐகிட்ட சொல்லிடும். எங்க டீம் லீடு 'பாதுகாப்பானது'ன்னு மட்டும் எழுதச் சொல்றாரு. அத நம்பி யாராவது மாட்டிகினா?"

"இன்னா எழுதப் போற?"

"'மாத்தாது, ஆனா பாத்ததச் சொல்லும்'னுதான். திட்டினா திட்டட்டும்."

எஸ்டேட் நிறுத்தத்தில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் விளையாடப் போனதும், அவள் பையை நான் தினமும் திறந்து பார்க்கிறேன். எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிடுவேன். ஆனால் பார்த்ததைக் கணவரிடம் சொல்லிவிடுகிறேன். பார்ப்பதை நிறுத்துவதா, சொல்வதை நிறுத்துவதா, இல்லை, பார்க்கிறேன் என்று அவளிடமே சொல்லிவிடுவதா? அனுபவமுள்ள அம்மாக்கள் யாராவது சொல்லுங்களேன்.