நோரீன் வீட்டுக்காரர்

— கட்டை விரல் அளவுன்னாக்கூட மனசு ஆறும் நோரீ. கோழி முட்டையில பாதி இருக்கு தங்கக் கட்டி! அதை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு என் மூக்குக்கு நேரா நீட்டுறான் அந்தப் புதுப்பய டோபி. “ரெக்ஸ், இது உங்களாலதான்”கிறான்.

— எப்போ காட்டினான்?

— ஞாயித்துக்கிழமை சாயங்காலமே. பெண்டிகோ டவுன்ல எடை போடுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு கெஞ்சினான். மூணு நாளா உள்ளுக்குள்ளேயே வெச்சுப் புழுங்கிட்டேன். இன்னிக்கு அவனே ஊரெல்லாம் சொல்லிட்டான்.

— அதுதான் ராத்திரியெல்லாம் கட்டில்ல அப்படிப் புரண்டியா? நான் வாயுத் தொல்லைன்னு நெனச்சேன்.

— வாயுவாம் வாயு! வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டிட்டுப் போயிட்டான். மெல்போர்ன்லேருந்து வந்து எட்டு மாசம் ஆகலை. தங்கம் தேடுற டிடெக்டரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு போன மாசம் வரைக்கும் தெரியாது. காதுல மாட்டுறதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, ஒண்ணும் கேக்கலையேன்னு காட்டைச் சுத்தினவன் அவன்.

— நீ மட்டும் வந்த புதுசுல என்ன கிழிச்ச? அரை நாள் தோண்டி மத்தி மீன் டப்பா மூடியை எடுத்துட்டு வந்து, அந்தக் காலத்துல தங்கம் தோண்ட வந்த சைனாக்காரங்களோட வெள்ளின்னு என்கிட்ட காட்டினியே.

— அது வேற. ஆரம்பத்துல யாருக்கும் அப்படித்தான். ஆறு வருஷம் ஆச்சு நோரீ! ஆறு வருஷமா இந்த மண்ணைத் தோண்டுறேன். எனக்குக் கிடைச்சது என்ன? சொல்லு.

— ஆணி.

— ஆணி மட்டும்தானா?

— குதிரை லாடம். தோட்டா. கம்பி வெச்ச பொய்ப்பல்லு ஒரு செட்டு.

— இளிக்காதே.

— நான் எங்க இளிச்சேன்? உருளைக்கிழங்கு சீவிக்கிட்டிருக்கேன். ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்காதே, வெளிச்சம் வரலை. மூணு மணிக்கு வீட்டு ஏஜென்ட் வர்றேன்னிருக்கான், அதுக்குள்ள அடுப்படியைத் துடைக்கணும்.

— வரட்டும். கையெழுத்தைப் போட்டு வீசிட்டுப் பழையபடி ஜீலாங்குக்கே போயிடுவோம். அவன் காலையில போன்லேயே குதிக்கிறான். தங்கம் கிடைச்ச சேதி பரவினதும் வீடு கேட்டு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்களாம். பாத்தியா, நம்ம வீட்டை விக்கிறதுக்குக்கூட டோபியோட அதிர்ஷ்டம்தான் வேண்டியிருக்கு.

— குளிர்காலம் முடிய இன்னும் மூணு வாரம் இருக்கு ரெக்ஸ்.

— இருந்தா?

— குளிர்காலம் முடியுறதுக்குள்ள ஒரு குண்டுமணி தங்கமாவது கிடைச்சா இங்கேயே இருப்போம், இல்லைன்னா வித்துட்டுப் போயிடுவோம்னு நீதானே சொன்ன? திங்கக்கிழமை காலையில திடுதிப்புன்னு ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணினியே, ஏன்னு கேட்டதுக்கு வாயே திறக்கலை.

— இதைத்தான் எப்படிச் சொல்றது? எட்டு மாசத்துப் பய எடுத்துட்டான், நான் தோத்துட்டேன்னா? உனக்கு என்ன வந்துச்சு, நீ சந்தோஷப்படணும். இந்தக் காட்டுக்கு வரவே மாட்டேன்னு அழுதவ நீதானே?

— அழுதேன். முதல் வருஷம் முழுக்க அழுதேன். மழைத் தண்ணித் தொட்டியில மரம் ஏறுற போஸம் ஒண்ணு செத்து மிதந்துச்சே, அன்னிக்கு நான் பெட்டியே கட்டிட்டேன். இப்போ அந்த அழுகை இல்லை. செவ்வாய்க்கிழமை ஆனா தீயணைப்புக் கொட்டகையில லாரிக்காரங்களோட ரேடியோவுல பேசுற வேலை பாக்குறேன். போன ஜனவரி வெயில்ல மலைக்கு அந்தப் பக்கம் தீ புடிச்சப்போ, விடியிற வரைக்கும் என் குரலைக் கேட்டுத்தான் ரெண்டு லாரியும் வழி கண்டுபிடிச்சு வந்துச்சு. ஜீலாங்குல பக்கத்து வீட்டுக்காரி பேரே எனக்குத் தெரியாது. எனக்குப் போக மனசில்லை ரெக்ஸ். விக்கலாமான்னு கேட்டே, சரின்னேன். ஆசையா இருக்கான்னு நீ கேக்கலை.

— ஆமா, உனக்கென்ன! ஊரே உன் கையில. பேக்கரிக்குப் போனா அந்தப் பொண்ணு என் மூஞ்சைப் பாத்து, “நீங்க நோரீன் வீட்டுக்காரர்தானே”ங்கிறா. தபால் ஆபீஸ்ல “நோரீன் வீட்டுக்காரர்”. நாய்க்கு ஊசி போடப் போனா அங்கேயும் “நோரீன் வீட்டுக்காரர்”. தங்கம் எடுக்கணும்னு இந்த ஊருக்கு வந்தவன் நான். உன்னைக் கூட்டிட்டு வந்தவன் நான். எனக்குன்னு ஒரு பேர்கூட இல்லை இங்க.

— இன்னிக்கு பேக்கரியில என்ன ஆச்சு? அங்கேருந்து வந்ததுலேருந்து மூஞ்சி இப்படி இருக்கு.

— கை தட்டினாங்க.

— யாருக்கு?

— எனக்குத்தான்! அங்கதான் அந்தக் கிறுக்கன் நின்னுக்கிட்டிருந்தான். இருபது பேர் முன்னாடி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறான். “யாருமே தன்னோட இடத்தைச் சொல்லமாட்டாங்க, ரெக்ஸ் எனக்குச் சொன்னார், இவர் மாதிரி மனுஷனை நான் பாத்ததில்லை”ன்னான். உடனே எல்லாரும் கை தட்டுறாங்க. அந்தப் பொண்ணு காசு வாங்காம எனக்குச் சுடச்சுட ஒரு மீட்-பை குடுத்தா. தின்னேன். மண்ணைத் தின்ன மாதிரி இருந்துச்சு.

— நீயா இடத்தைச் சொன்ன?

— ம்.

— அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லக்கூடாதும்ப. போன வருஷம் என் தங்கச்சி புருஷன் கேட்டப்போ, எதிர்த்திசையில கை காட்டின ஆள் நீ. டோபிக்குப் போய்ச் சொன்னியா?

— நான் நல்ல இடத்தையா சொன்னேன்?

— பின்னே?

— அட விடு.

— ரெக்ஸ்.

— சரி சரி, சொல்றேன். அவன் புது டிடெக்டர் வாங்கியிருந்தான் பாரு, நம்ம காரை வித்தாலும் வாங்க முடியாத டிடெக்டர். அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு தெருமுனையில வந்து நின்னு, “எங்க போகலாம் ரெக்ஸ்?”னு பல்லைக் காட்டினான். அவன் பொண்டாட்டி ஃப்ரேயாவுக்கு இந்தக் குளிரு ஒத்துக்கலையாம், இந்த மாசம் ஏதாவது கிடைக்கலைன்னா மெல்போர்னுக்கே திரும்பிடுவாங்களாம். சரி, போய்த் தொலையட்டும்னு ஒண்ணும் கிடைக்காத செத்த இடத்தைக் காட்டிவிட்டேன். இங்க எல்லாரும் பண்றதுதானே? புதுசா வந்தவனுக்கு யாருமே அப்படித்தான் காட்டுவாங்க. எனக்கும் காட்டினாங்க.

— எந்த இடம்?

— நொண்டிக்குதிரை ஓடை.

— உன்னோட ஓடையா?

— அதைவிடச் செத்த இடம் எங்க இருக்கு? ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம தோண்டினேன். ஒரு சாண் விடலை. அங்க புழுகூடக் கிடையாது நோரீ. நான் தோண்டி மூடின குழியெல்லாம் கிடக்கே, அதைக் காட்டி, “பாரு, எவ்வளவு தோண்டியிருக்கேன், என் பொக்கிஷமே இதுதான்”னேன். அப்படியே நம்பிட்டான்.

— ஓடையில எங்க?

— இப்போ அது எதுக்கு?

— எங்கன்னு கேக்குறேன்.

— இடி விழுந்து பொளந்து நிக்குதே அயர்ன்பார்க் மரம், அதோட வடக்குப் பக்கம். என்ன ஆச்சு? ஐயோ, விரலை வெட்டிக்கிட்டியா?

— ஒண்ணுமில்லை. எந்த நாளு சொன்ன அவனுக்கு?

— ஞாயித்துக்கிழமை காலையில. துணியைச் சுத்து, ரத்தம் கிழங்கு மேல சொட்டுது.

— ஞாயித்துக்கிழமை காலையில உன்னை நான் போ போன்னு விரட்டினேன். சாண்ட்விச்சு கட்டிக் குடுத்தேன். பிளாஸ்க்குல டீ போட்டுக் குடுத்தேன். நொண்டிக்குதிரை ஓடைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போன?

— சொன்னேன். தெருமுனையிலேயே அவன் நின்னுட்டான்ல? அவனை அங்க கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, நானும் அங்கேயே எப்படித் தோண்டுறது? அணைக்கட்டுப் பக்கம் காரை நிறுத்தி, ரேடியோவுல ஃபுட்பால் கேட்டேன். நீ கட்டிக் குடுத்ததை அங்கேயே உக்காந்து தின்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சேன்னு வெச்சுக்கோ. அந்தப் பய குழி குழியா வெட்டி வேர்த்து விறுவிறுத்து வருவான், ஃப்ரேயா திட்டுவான்னு நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்.

— இவ்வளவு பொறாமையா ரெக்ஸ்?

— ஆமா, பொறாமைதான்! வெளிப்படையாவே சொல்றேன், அவனைப் பாத்தா எனக்கு ஆகலை. அவன் டிடெக்டரைப் பாத்தா ஆகலை. அவன் சிரிப்பைப் பாத்தா ஆகலை. தங்கம் கிடைக்கலைன்னாலும் அவன் சிரிச்சுக்கிட்டே இருந்திருப்பான், அதுதான் எனக்கு எல்லாத்தையும் விட எரியுது. அவனுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு ஒண்ணே ஒண்ணு கிடைச்சிருந்தாப் போதும். சின்னதா. கொண்டுவந்து உன் கையில வெச்சு, “இந்தா, இதுக்குத்தான் உன்னை இழுத்துட்டு வந்தேன்”னு சொல்லியிருப்பேன். அந்த ஒண்ணையும் அவன் எடுத்துட்டான்.

— ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சா?

— எது?

— அந்தக் கட்டி. ஒரு பக்கம் தட்டையா, இன்னொரு பக்கம் வெள்ளைக்கல் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சா?

— ஆமா. உன்கிட்டயும் காட்டினானா? என்கிட்ட மட்டும்தான் காட்டுறேன்னானே, பொய்க்காரப் பய!

— அவன் எனக்குக் காட்டலை.

— அப்போ உனக்கு எப்படித் தெரியும்?

— முழங்கை ஆழம்தான் இருந்திருக்கும். அதுக்கு மேல என்னால தோண்ட முடியலை, தரை அப்படி இறுகிக் கிடந்துச்சு.

— நோரீ, நீ என்ன பேசுற?

— சனிக்கிழமை டயர் மாத்தணும்னு நீ பெண்டிகோவுக்குப் போனியே, அப்போ அங்க போனேன். பொளந்த மரத்துக்கு வடக்குப் பக்கம் அந்தக் கட்டியைப் புதைச்சேன். எப்பப் போனாலும் முதல்ல நீ அங்கதானே டிடெக்டரை ஆட்டுவ? ஞாயித்துக்கிழமை நீ போவ, எடுப்ப, வாசல்லேருந்தே கத்திக்கிட்டு ஓடி வருவன்னு காலையிலேருந்து இந்த ஜன்னல்கிட்டேயே நின்னுக்கிட்டிருந்தேன். அது உனக்கு வெச்சது ரெக்ஸ். நீ அதை எடுத்துட்டா நாம இங்கேயே இருந்துடலாம்னு நெனச்சேன்.

— எனக்கா?

— உனக்குத்தான்.

— நான் அவனை... நானே அவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்...

— ஆமா.

— இரு. இரு நோரீ. அவ்வளவு பெரிய கட்டிக்கு உனக்குப் பணம் ஏது? யார்கிட்ட வாங்கின?

— யார்கிட்டயும் வாங்கலை.

— பின்னே வானத்துலேருந்தா விழுந்துச்சு?

— மூணு வருஷம் முன்னாடி கொல்லையில தக்காளிக்குப் பாத்தி கொத்தினேன். மண்வெட்டியில ஏதோ தட்டுச்சு. கல்லுன்னு நெனச்சுத் தூக்கி வீசப் பாத்தேன், கனமா இருந்துச்சு. பைப்புல கழுவிப் பாத்தேன். அதுக்கப்புறம் மாவு டப்பாவுக்கு அடியிலேயே கிடந்துச்சு.

— இந்தக் கொல்லையிலயா? நம்ம கொல்லையில? மூணு வருஷமா? ஏன் நோரீ... ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?

— டோபி எடுத்ததுக்கே நீ இந்தப் பாடு படுறியே. நான் எடுத்தேன்னு சொல்லியிருந்தா, என்கூட இருந்திருப்பியா ரெக்ஸ்?